நல்லதை நினைத்தால் மட்டும் போதுமா?

போளூரில் வாழ்கிறவர்கள் மன அமைதி தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே சம்பத்கிரி மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயில் இருக்கிறது. விட்டோபா சுவாமிகளின் ஜீவசமாதி இருக்கிறது. படவேட்டில் ரேணுகாம்பாள், கடலாடிப் பக்கம் பர்வதமலை, வடமாதிமங்கலத்தை ஒட்டித் திருமலையின் சமணக் கோயில்கள், தெற்கே பஸ் ஏறினால் திருவண்ணாமலை. மனத்தை அடக்க வழி தேடியவர்கள் பல நூற்றாண்டுகளாக வந்து தங்கிய நிலப்பகுதி இது.

இருந்தும் இங்கே வாழ்கிறவர்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே ராத்திரியில் தூக்கம் வராமல் புரள்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட மணிலா மழையில்லாமல் காய்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவனிடமிருந்து போன் வருவதில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளை யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். 'மனசு சரியில்லை' என்று வாய்திறந்து சொன்னால், இரண்டு யோசனைகள் உடனே வந்துவிடுகின்றன. 'எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்கோ' என்பது ஒன்று. 'கோயிலுக்குப் போ, தியானம் பண்ணு, சரியாயிடும்' என்பது மற்றொன்று.

இரண்டும் அன்போடு சொல்லப்படுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எது எதற்கு உதவும், எது எங்கே நின்றுவிடும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் 'நல்லதைத்தானே நினைக்கிறேன், ஆனாலும் பயம் போகவில்லையே', 'தியானத்தில் உட்கார்ந்தால் மனசு இன்னும் அதிகமாக ஓடுகிறதே' என்று கலங்குகிறவர்கள், கடைசியில் தங்கள்மேலேயே குற்றம் கண்டுகொள்கிறார்கள். அமைதிக்காகச் சொன்ன வார்த்தை புதிய சுமையாகிவிடுகிறது.

ஆகவே பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். எண்ணத்தைத் திருத்துவது ஒரு வேலை. எண்ணம் எழுவதைக் கவனித்து அதன் பிடியிலிருந்து விலகுவது இரண்டாவது வேலை. வாழ்க்கையில் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்வது மூன்றாவது வேலை. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

சிறையிலிருந்து வந்த நூல்

நல்ல எண்ணம் நல்ல வாழ்வைத் தரும் என்ற போதனை இன்றைய வடிவில் தமிழுக்கு எப்படி வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903-இல் எண்ணத்தின் ஆற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதை 'மனம் போல வாழ்வு' என்று தமிழில் தந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908-இல் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். அந்தச் சிறைவாசத்தின்போதுதான் இந்த மொழிபெயர்ப்பைச் செய்தார்.

1912-இல் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. வறுமை தொடர்ந்தது. ஆனாலும் ஆலனின் மற்ற நூல்களையும் விடாமல் தமிழாக்கினார். 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' ஆகியவை வந்தன. அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1934-இல், 'சாந்திக்கு மார்க்கம்' வந்தது. இடையில் திருக்குறளின் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய உரையையும் பதிப்பிக்கும் பணியில் உழைத்தார்.

இந்த வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நல்லதை நினைத்ததால் வ.உ.சி.க்குச் சிறைக்கதவு திறக்கவில்லை. இழந்த சொத்து திரும்பவில்லை. நல்லெண்ணம் அவருக்குச் செய்த உதவி வேறு. கசப்பில் மூழ்காமல், எழுந்து அடுத்த வேலையைச் செய்யும் தெம்பை அது காத்துக்கொடுத்தது. எண்ணத்தின் உண்மையான பயன் அவ்வளவுதான். அதுவே மிகப் பெரிய பயனும்கூட.

பிறகு 1952-இல் அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் என்ற போதகர் நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலைப் பற்றி எழுதிய நூல் உலகமெங்கும் பரவியது. தமிழில் எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறை இளைஞர்களுக்குத் துணிவு தந்தது. அவரும் எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராகச் சென்று வேலை செய்தார். வ.உ.சி.யிடமும் உதயமூர்த்தியிடமும் எண்ணமும் உழைப்பும் சேர்ந்தே இருந்தன. பின்னால் வந்தவர்கள் பலர் உழைப்பைக் கழற்றிவிட்டு எண்ணத்தை மட்டும் விற்றார்கள். 'ஆழமாக நினைத்தால் பிரபஞ்சம் கொடுக்கும்' என்ற வாக்குறுதி அங்கிருந்து வந்தது. இந்த வாக்குறுதியைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

நினைப்பு எங்கே உதவும், எங்கே கைவிடும்?

உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பிறந்த காப்ரியேல எட்டிங்கன் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையில் சேர்ந்த பெண்களைப் பற்றியது. தன்னால் எடையைக் குறைக்க முடியும் என்று நம்பியவர்களுக்கு அந்த நம்பிக்கை உதவியது. ஆனால் எடை குறைந்து அழகாக நிற்பதைப் போன்ற இனிய கற்பனையில் திளைத்தவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை இழந்தார்கள். நம்பிக்கையும் கற்பனையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பலனில் எதிரெதிராகப் போயின. கற்பனையிலேயே மனம் வெற்றியைச் சுவைத்துவிட்டால், அதற்காக உழைக்க வேண்டிய முனைப்பு தளர்ந்துவிடுகிறது.

கனடாவில் ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 'நான் அன்புக்கு உரியவன்' என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொள்ளும்படி சிலரிடம் கேட்டார்கள். தன்மேல் ஏற்கெனவே மதிப்புள்ளவர்களுக்கு அது சிறிது நன்மை செய்தது. தன்னையே தாழ்வாக நினைப்பவர்களுக்கோ மனம் முன்பைவிட மோசமானது. வாய் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்கிறது. உள்ளே மனம் 'பொய் சொல்கிறாய்' என்று மறுக்கிறது. அந்தப் பிணக்கு வேதனையைக் கூட்டுகிறது. யாருக்கு ஆறுதல் அதிகம் தேவையோ அவர்களிடமே இந்த மருந்து தோற்றுவிடுகிறது.

அப்படியானால் நல்லெண்ணத்தைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. சரியாகப் பயன்படுத்த வேண்டும். எட்டிங்கனே அதற்கு ஒரு வழி வகுத்தார். முதலில் விரும்புவதைத் தெளிவாக மனத்தில் கொள்வது; அடுத்து அதற்குக் குறுக்கே நிற்கும் தடையை ஒளிக்காமல் பார்ப்பது; பிறகு அந்தத் தடை வரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. 'கடன் தீர்ந்துவிடும்' என்று தினமும் சொல்லிக்கொள்வது கற்பனை. 'கடனைத் தீர்க்க வேண்டும். மாதாமாதம் பணம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே பணம் வந்த அன்றே இவ்வளவு தொகையைக் கட்டிவிட்டுத்தான் மற்ற செலவு' என்று முடிவெடுப்பது நல்லெண்ணம். முன்னது சில நிமிடம் இனிக்கும். பின்னது இரவில் தூங்கவைக்கும்.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையிலும் இந்தப் பார்வை இருக்கிறது. பொருட்பாலில் 'ஊக்கமுடைமை' 60-ஆவது அதிகாரம். உள்ளத்தின் உறுதியைச் சொல்லும் அதிகாரம் அது. அதையடுத்து உடனே மன அமைதிக்குப் போய்விடவில்லை. 61-இல் 'மடியின்மை', 62-இல் 'ஆள்வினையுடைமை' என்று சோம்பலை விடுவதையும் விடாமுயற்சியையும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் 63-ஆவது அதிகாரமாக 'இடுக்கண் அழியாமை' வருகிறது. துன்பத்தில் கலங்காத நிலை, ஊக்கத்துக்கும் உழைப்புக்கும் பின்னால் வந்து நிற்கிறது. முயற்சி செய்தும் கை நழுவிப்போனதைத் தாங்கும் வலிமை அது. முயற்சியையே தவிர்க்க அவர் எங்கும் இடம் கொடுக்கவில்லை.

அண்ணாமலையிலிருந்து வந்த மறுபாடம்

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் ரமணர். பிறகு அந்த ஊரை விட்டு அவர் போகவேயில்லை. 1901, 1902 வாக்கில் வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் சென்று கேள்விகள் கேட்டார். அப்போது மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக்காட்டிய விடைகளே பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின.

நேர்மறைச் சிந்தனைக்கும் ரமணர் காட்டிய வழிக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கெட்ட எண்ணத்தை அகற்றி அங்கே நல்ல எண்ணத்தை வைக்கச் சொல்வது முன்னது. எந்த எண்ணம் எழுந்தாலும் அதன் பின்னால் ஓடாமல், 'இது யாருக்குத் தோன்றுகிறது?' என்று திரும்பிப் பார்க்கச் சொல்வது ரமணரின் வழி. நல்ல மனம், கெட்ட மனம் என்று இரண்டு கிடையாது என்பது அவர் நிலைப்பாடு. மனம் ஒன்றுதான், அதில் படிந்த பழக்கங்களில்தான் நல்லதும் தீயதும் உண்டு. ஆகவே பயம் எழுந்ததற்காக ஒருவர் தன்னை வெறுக்க வேண்டியதில்லை. பயத்தைத் துரத்தவும் வேண்டியதில்லை. பயம் எழுந்தது என்பதையும், அதைக் கவனிக்கும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதையும் காண்பதே போதும்.

தியானத்தில் உட்கார்ந்தால் மனம் இன்னும் வேகமாக ஓடுகிறது என்று பலர் சொல்கிறார்களே, அதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. மனம் எப்போதும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபோதுதான் கண்ணில் படுகிறது. கோடையில் செய்யாற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் வருவது கலங்கல் தண்ணீர்தான். கையை விட்டு அலசினால் இன்னும் கலங்கும். கொஞ்சம் விட்டுவைத்தால் மணல் தானாகப் படிந்து தண்ணீர் தெளியும். மனத்துக்கும் அந்த அவகாசம் வேண்டும். எண்ணம் வருவது தியானத்தின் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்ணம் வந்ததைக் கண்டு, சண்டை போடாமல் திரும்பி வருவதுதான் பயிற்சி. நூறு முறை விலகினாலும் நூறு முறை திரும்பினால் போதும்.

எல்லோருக்கும் ரமணரின் நேர்வழி உடனே பிடிபடாது. குடும்பமும் வேலையுமாக இருப்பவர்களுக்கென்று படிப்படியான முறையை வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாமும் தறியில் உட்கார்ந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த முறையைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றங்கள் இன்று தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலும் இருக்கின்றன. தியானத்தோடு உடற்பயிற்சியையும் தற்சோதனையையும் அவர் சேர்த்தார். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று அந்தத் தற்சோதனை படிப்படியாகப் போகும்.

கவலையைப் பற்றி அவர் சொன்ன பகுப்பு எந்த வீட்டுக்கும் பயன்படும். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொன்னார்: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. பெற்றவர் இறந்த துக்கம் முதல் வகை; அதை அழுதும் நினைத்தும்தான் கடக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் சரியாக வரவேற்கவில்லை என்பது இரண்டாவது. பத்தாவது படிக்கும் மகளின் திருமணச் செலவு மூன்றாவது. நாளை மறுநாள் மூழ்கப்போகும் அடகு நகை நான்காவது. இந்த நான்கும் பிரிபடாமல் ஒரே மூட்டையாக நெஞ்சில் கிடக்கும்போதுதான் மூச்சு முட்டுகிறது. ஒரு தாளில் எழுதி நான்காகப் பிரித்தாலே, இன்று செய்ய வேண்டியது ஒன்றோ இரண்டோதான் என்பது தெரிந்துவிடும்.

போளூர்–ஆரணி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்களிடம் இதைவிடப் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது. பாறையில் செதுக்கிய பதினாறடிக்கும் உயரமான நேமிநாதர் நிற்கும் திருமலையையும், அங்கே ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவை பெயரில் உள்ள ஜினாலயத்தையும் பார்த்தவர்கள் உண்டு. அந்தச் சமயத்தின் இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்று சாமாயிகம். 48 நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்து, விருப்பும் வெறுப்பும் இல்லாத சமநிலையில் மனத்தை வைப்பது. அதோடு பிரதிக்கிரமணம் என்று, தான் செய்த தவறுகளை நினைத்துப் பார்த்து வருந்தித் திருந்தும் பயிற்சியும் உண்டு. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று இந்தப் பயிற்சிகள் கேட்பதில்லை. சமமாக இருக்கக் கேட்கின்றன. எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற இன்றைய நெருக்கடியில் சிக்கியவர்களுக்கு இது பெரிய விடுதலை. துக்கம் இருக்கும்போதே ஒருவர் அமைதியாகவும் இருக்க முடியும்.

மூச்சும் நடையும்

ஆன்மிகப் பயிற்சிகள் உடலில் என்ன செய்கின்றன என்பதை அறிந்துகொள்வதால் பக்தி குறைந்துவிடாது. 2001-இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கத்தோலிக்கர்களின் ஜெபமாலையை லத்தீனிலும், பௌத்தர்களின் மந்திரம் ஒன்றையும் சிலரைச் சொல்லச் சொல்லி அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு சுமார் 6 என்ற அளவுக்கு மெதுவானது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூச்சு அப்படி நீளும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒத்திசைந்து சீராகின்றன. குறிப்பாக வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. சமயங்கள் வேறு, மொழிகள் வேறு. உடல் கேட்டுக்கொண்ட தாளம் ஒன்று. சிவநாமமோ, ஜெபமாலையோ, திக்ரோ, நிதானமாக இழுத்துச் சொல்கிறவர்கள் இந்தப் பலனைப் பெறுவதில் வியப்பில்லை.

உட்கார முடியாதவர்களுக்கு நடை இருக்கிறது. அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவது கால்களால் செய்யும் தியானம். பர்வதமலை ஏறுகிறவர்கள் இதை இன்னும் நன்றாக அறிவார்கள். கடைசிக் கட்டத்தில், கடப்பாறை நெட்டு என்று சொல்லும் செங்குத்துப் பாறையில் இரும்பைப் பிடித்து ஏறும்போது, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தவிர மனத்தில் எதுவும் நிற்பதில்லை. வீட்டுக் கவலை அங்கே கூட வருவதில்லை. அந்த ஒருமுகம் உச்சியில் மல்லிகார்ஜுனர் சந்நிதியை அடைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால் பேசிக்கொண்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டும் சுற்றினால் கிரிவலம் உடலுக்கு நடையாக மட்டும் மிஞ்சும். மௌனமாக நடக்கும் ஒரு கிலோமீட்டர் அதைவிட அதிகம் தரும்.

இந்தப் பலனுக்கு அளவும் உண்டு. 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு, தியானத்தைப் பற்றிய 47 சோதனைகளில் 3,515 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைந்தது உண்மை என்று கண்டது. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் சிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம்பிப் பிடித்துக்கொள்ளத்தக்க துணை அது. சர்வரோக நிவாரணி என்று சொல்வது அதற்கே செய்யும் அநியாயம்.

எதைத் தியானத்தால் தீர்க்கக் கூடாது?

இங்கேதான் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் அக்கறையோடு இருக்க வேண்டும். 'நல்ல எண்ணம் இருந்தால் நோய் வராது' என்று சொல்வது, நோயில் கிடக்கிறவரைக் குற்றவாளி ஆக்குகிறது. ரமணருடைய இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அந்த நோயிலேயே அவர் உடல் நீத்தார். அவரைவிட அடங்கிய மனம் யாருக்கு இருந்தது? மன அமைதி உடலை நோயிலிருந்து காக்கும் கவசமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். டாக்டர்களைத் தம் வேலையைச் செய்யவிட்டார் அவர். நாமும் அப்படியே செய்யலாம்.

மனநோய்க்கும் இது பொருந்தும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். பிரார்த்தனை குணமாக்கும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையில் அன்பு இருந்தது; மருத்துவம் இல்லை. பின்னாளில் அதே ஏர்வாடியில் தவா–துவா என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. சரியான வழி இதுதான். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகலாம். ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், அழுகையோ வெறுமையோ விலகாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போளூரிலிருந்து தொலைவில் இல்லை. பழைய கொடுமைகளின் நினைவு உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்வது சில நேரம் பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் தங்களை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். நடக்கலாம், பேசலாம், மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம்.

அடுத்தது, மனத்துக்குள் இல்லாத துன்பம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். சாமை விளையும் மேட்டு நிலத்தில் வருஷம் முழுதும் வயிறு நிறையாததால் கூலி தேடிப் போனவர்களின் வீடுகள் அவை. அந்த வீட்டுப் பெண்ணிடம் 'பாசிட்டிவா இரும்மா' என்று சொல்லிவிட்டு நகர்வது அறமாகாது. அங்கே தேவைப்படுவது நியாயமும் வேலையும் பிள்ளைகளுக்குப் படிப்பும். தினமும் அடிவாங்கும் மனைவியிடம் 'தியானம் பண்ணு, பொறுத்துப் போ' என்று சொல்வதும் அப்படியே. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண் அதற்காகவே இருக்கிறது. அமைதியின் பெயரால் ஒருவரை வாய்மூடவைப்பதை ஆன்மிகம் என்று அழைக்கக் கூடாது.

இப்படிச் சொல்வதால் அந்தப் பெண்ணுக்கும் அந்த மனைவிக்கும் தியானமும் வழிபாடும் தேவையில்லை என்று பொருளில்லை. போராட வேண்டியவர்களுக்கே மன உறுதி அதிகம் வேண்டும். செக்கிழுத்தவருக்கு அது எப்படி உதவியதோ அப்படி அவர்களுக்கும் உதவும். ஆனால் அதை எடுத்துக்கொள்வது அவர்கள் விருப்பம். உதவி செய்ய வேண்டிய நாம், உதவிக்குப் பதிலாக அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

இதையெல்லாம் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். தொடக்கம் எளிதாகவே இருக்கட்டும். காலையில் செல்போனைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை இயல்பாக உள்ளே இழுத்து, வெளியே விடும்போது சற்று நீட்டுங்கள். நீங்கள் நம்பும் நாமம் எதுவோ அதை அந்த மூச்சோடு சொல்லுங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் மூச்சை மட்டும் கவனித்தால் போதும். எண்ணம் ஓடினால், ஓடியதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கவலை அழுத்தும் நாளில் அதைத் தாளில் எழுதி நான்காகப் பிரியுங்கள். உடனே தீர்க்க வேண்டியதில் ஒன்றை எடுத்து, அதன் தடை என்ன, முதல் அடி என்ன என்று எழுதி, அன்றைக்கே அந்த அடியை வையுங்கள். இரவில் படுக்கும் முன் அன்றைய நாளை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். யாரிடமாவது கடுமையாகப் பேசியிருந்தால் நாளைக்கு மன்னிப்புக் கேட்க முடிவுசெய்யுங்கள். இதனால் குற்ற உணர்வு அதிகமாகாது, குறையும். மாதத்தில் ஒரு நாள், பௌர்ணமியோ ஞாயிற்றுக்கிழமையோ, மலையோ ஏரிக்கரையோ, பேசாமல் நடந்துவிட்டு வாருங்கள்.

இதற்கு யாருக்கும் பெரிய தொகை கட்ட வேண்டியதில்லை. மன அமைதிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களிடமும், மருந்தை நிறுத்தச் சொல்பவர்களிடமும், குடும்பத்தை விட்டு விலகச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கௌபீனம் மட்டுமே உடுத்திய ரமணர் கேட்டு வந்தவர்களுக்கு இலவசமாகவே வழி சொன்னார்.

கடைசியாக, இனி உங்களிடம் யாராவது வந்து 'மனசு சரியில்லை' என்று சொன்னால், யோசனை சொல்வதற்கு முன் உட்காரவைத்துக் கேளுங்கள். என்ன நடந்தது, தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வைத்தியம் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அவரோடு போங்கள். வேலையோ பணமோ நியாயமோ தேவைப்பட்டால் முடிந்ததைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு, அவர் விரும்பினால், உங்களோடு தியானத்துக்கும் கோயிலுக்கும் அழையுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.